குரலுக்கு ஒரு நாய், காலுக்கு ஒரு நாய்

வீட்டு நாயின் குரைப்பைக் கட்டுக்குள் வைக்கப் பழக்குவது சங்கரன்கோவில் வட்டாரத்தில் பழைய வழக்கம் அல்ல. நாயே இல்லாத ஊர் அங்கே இருந்ததில்லை. ஆனால் நாய் குரைப்பது ஒரு தொல்லை, அதை அடக்கியாக வேண்டும் என்ற எண்ணம் அண்மையில் வந்தது. அதற்கு முன் குரைப்பு ஒரு வேலையாக இருந்தது. சில நாய்களுக்கு அந்த வேலை உண்டு, சில நாய்களுக்கு இல்லை. எந்த நாய் குலைக்க வேண்டும், எது வாயை மூடிக்கொண்டு ஓட வேண்டும் என்பது பெரும்பாலும் குட்டியைத் தேர்ந்தெடுக்கும்போதே முடிவாகிவிடும். பழக்கம் அதற்குப் பிறகுதான்.

சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள நிலத்தைப் பார்த்தால் இந்தப் பங்கீட்டின் காரணம் விளங்கும். மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை. அதன் அடிவாரத்தில் சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி. கிழக்கே குருவிகுளம், திருவேங்கடம், கழுகுமலை என விரியும் கரிசல் காடு. மலையோரத்தில் காட்டுப்பன்றியும் மானும், கரிசலில் முயலும் நரியும். பருத்தியும் கம்பும் உளுந்தும் விளைகிற மானாவாரி நிலத்தில் ஆட்டுக்கிடைகள் ஊர் ஊராக நகரும். இந்த வட்டாரத்துக்கு வடக்கே ராஜபாளையம், வடகிழக்கே விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறை. இந்திய நாயினங்களைப் பற்றி யார் பேசினாலும் தவறாமல் வரும் இரண்டு பெயர்கள் இவை. கன்னி நாயின் தாயகமும் இந்தக் கரிசல் பக்கம்தான்.

தமிழ்நாட்டில் காவல் நாய்க்குக் கிடைத்த மிகப் பழைய மரியாதை திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் கல்லில் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்து, அதாவது 7ஆம் நூற்றாண்டு நடுகல் அது. கருந்தேவக்கத்தி என்பவனோடு கோவிவன் என்ற அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்பதற்காக அந்த நாய்க்கு இந்தச் சிறப்பு. வீரனுக்குப் பெயர் வெட்டுவது இயல்பு, நாயின் பெயரையும் வெட்டியதுதான் அரிது. மாடு பிடிக்கும் பூசல்கள் நிறைந்த அந்தச் சமூகத்தில் நாய் எந்த இடத்தில் இருந்தது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை.

தென்பாண்டிச் சீமையில் காவல் என்பது தனியொரு ஏற்பாடாகவே வளர்ந்தது. ஊர்க் களவுக்குக் காவல்காரர் பொறுப்பு. களவு போன பொருளை மீட்டுத் தர வேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். அதற்கு ஊரார் ஆண்டுதோறும் தானியமும் பணமும் கொடுத்தார்கள். பாளையக்காரர்கள் வாங்கியது தேசக்காவல், ஊர் அளவில் நடந்தது ஸ்தலக்காவல். 1801இல் பாளையங்களை ஒடுக்கிய கம்பெனி ஆட்சி தேசக்காவல் உரிமையைப் பறித்தது. 1859ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணப் போலீஸ் உருவானது. ஆனாலும் சங்கரநயினார்கோவில் தாலுகா என்று அன்றைய ஆவணங்கள் குறிப்பிடும் இந்தப் பகுதியில் ஊர்க்காவல் உடனே மறைந்துவிடவில்லை. எச். ஆர். பேட் தொகுத்து 1917இல் வெளிவந்த திருநெல்வேலி மாவட்டக் கெசட்டியர் வரைக்கும் காவல் முறை பேசப்படுகிறது. களவு போன பொருளைப் பற்றித் தகவல் சொல்வதற்கு வாங்கிய துப்புக்கூலியும் அந்தக் காலத்துச் சொல்தான்.

பூட்டும் கதவும் எல்லா வீட்டுக்கும் இல்லாத நாளில், மண்சுவரில் கன்னம் வைக்க வருகிறவனை முதலில் அறிவது நாய். களத்தில் குவிந்த தானியத்துக்கும் தொழுவத்து மாட்டுக்கும் அதுதான் இரவுக் காவல். குரைப்பை அடக்க முதன்முதலில் மெனக்கெட்டவர்கள் வீட்டுக்காரர்கள் அல்ல, திருட வந்தவர்கள் என்றுதான் சொல்ல வேண்டும். கருவாடும் சோற்றுருண்டையும் அவர்களுடைய பயிற்சிக் கருவிகள். அதற்கு மாற்றாக, அந்நியர் போடுவதைத் தின்னாதபடி நாயைப் பழக்குவது வீட்டுக்காரரின் வேலையானது. இன்றைக்கும் காவல் நாய் பழக்குகிறவர்கள் சொல்லித் தரும் பாடங்களில் இது ஒன்று.

கிடை நாயின் வாழ்க்கை இன்னும் கடினம். அறுவடை முடிந்த நிலத்தில் ஆடுகளை இரவு முழுக்க அடைத்து உரம் ஏற்றுவது கிடை போடுதல். கி. ராஜநாராயணன் தன் குறுநாவல் ஒன்றுக்கு ‘கிடை’ என்றே பெயர் வைத்தார், அவருடைய இடைசெவல் இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை. கிடையில் வேலி பெயருக்குத்தான் இருக்கும். காவலாள் அசந்து தூங்கினாலும் நரியோ கள்ளனோ நெருங்கும்போது எழுப்பிவிட ஒரு குரல் வேண்டும். சும்மா சும்மா குலைக்கிற நாயும் இங்கே உதவாது. அதை நம்பி எழுந்து எழுந்து படுப்பவன் மூன்றாம் முறை எழுந்திருக்க மாட்டான். ஆகவே கிடைக்காரர்கள் மதித்தது பொருளோடு குலைக்கும் நாயை. குரலைக் கேட்டே வந்தது நரியா ஆளா என்று சொல்லிவிடலாம் என்பது அவர்கள் அனுபவம்.

இந்த அனுபவத்துக்கு ஆய்வகத்திலிருந்தும் துணை கிடைத்திருக்கிறது. ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் உள்ள எட்வஷ் லோராண்ட் பல்கலைக்கழகத்தில் பீட்டர் பொங்ராட்ஸும் சக ஆய்வாளர்களும் மூடி என்ற மேய்ச்சல் நாயினத்தின் குரைப்புகளைப் பல சூழல்களில் பதிவுசெய்து, மனிதர்களைக் கேட்கவைத்து, 2005இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்நியரைக் கண்டு குரைப்பது எது, தனியே கட்டிப்போட்டதால் குரைப்பது எது, விளையாட்டில் குரைப்பது எது என்பதைக் கேட்டவர்கள் ஓரளவு சரியாகவே பிரித்துச் சொன்னார்கள். நாய் வளர்த்த அனுபவம் இல்லாதவர்களாலும் அது முடிந்தது. வளர்ந்த ஓநாய் குரைப்பது குறைவு. மனிதனோடு வாழ வந்தபிறகு நாயிடம் குரைப்பு பெருகியது என்ற கருத்துக்கு இத்தகைய ஆய்வுகள் வலு சேர்க்கின்றன. கரிசல் காட்டில் அப்படிப் பெருகிய குரலை மனிதன் தனக்குத் தேவையான இடத்தில் வைத்துக்கொண்டான்.

வேட்டை நாயின் நியாயம் நேர் எதிரானது. குரைக்கிற நாய் வேட்டை பிடிக்குமா என்று ஒரு பழமொழியே இருக்கிறது. சிப்பிப்பாறையும் கன்னியும் மோப்பத்தைவிடப் பார்வையை நம்பி ஓடும் நாய்கள். ஒடுங்கிய முகம், ஆழ்ந்த மார்பு, உள்வாங்கிய வயிறு, நீண்ட கால். பருத்திச் செடிக்குள்ளிருந்து முயல் கிளம்பியதும் எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும். அதற்கு முன் ஒரு குரைப்பு எழுந்தால் முயல் முன்கூட்டியே கிளம்பிவிடும், வேட்டை போயிற்று. ஆகையால் இந்த நாய்கள் ஊரில் திரியும் நாய்களோடு சேராமல், கட்டிவைத்து, கூழும் மோரும் ஊற்றி, வேட்டைக்கு மட்டும் அவிழ்க்கப்பட்டன. வாய் ஓயாத குட்டிக்கு வேட்டைக்காரனிடம் இடம் கிடைக்காது. தலைமுறை தலைமுறையாக இப்படித் தேர்ந்தெடுத்ததில் அமைதி இந்த நாய்களின் இயல்பாகிவிட்டது. பன்றி வேட்டையில் மட்டும் கணக்கு வேறு. புதருக்குள் பன்றியை மடக்கி நிற்கும் நாய் குரல் கொடுத்தால்தான் பின்னால் வருகிற ஆட்களுக்கு இடம் தெரியும். மலையோரத்துப் பெரிய நாய்களுக்குக் குரலும் வேண்டியிருந்தது.

பாளையங்களும் பின்னாளைய ஜமீன்களும் இந்த வேட்டை நாய்களுக்குப் புரவலர்களாக இருந்தன. நெற்கட்டும்செவல், சிவகிரி, சேத்தூர், தலைவன்கோட்டை, ஊற்றுமலை என்று சங்கரன்கோவிலைச் சுற்றிப் பாளையங்கள் நெருங்கிக் கிடந்தன. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை எழுந்த கதையிலும் வேட்டை நாய்தான் வருகிறது. சாலிகுளம் பக்கம் வேட்டைக்குப் போனபோது ஏழு நாய்களை ஒரு முயல் எதிர்த்து விரட்டியது, அந்த மண்ணின் வீரத்தை மெச்சி அங்கேயே கோட்டை கட்டினார்கள் என்பது கதை. நாய்களுக்கு அது பெருமையான கதை அல்ல. ராஜபாளையம் நாய்கள் பாளையப் போர்களில் ஆங்கிலேயர் குதிரை லாயங்கள் மேல் ஏவப்பட்டன என்றும் அடிக்கடி எழுதப்படுகிறது. எழுதுகிறவர்கள் அதற்கு ஆவணம் காட்டுவதில்லை. நாய் விற்பனை விளம்பரங்களில் அது அதிகம் காணப்படுவதால் சற்று ஒதுங்கி நின்றே படிக்க வேண்டிய செய்தி.

இந்தப் பழைய உலகம் இரண்டு சட்டங்களால் முடிவுக்கு வந்தது. 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் புரவலர்களைப் போக்கியது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையையே குற்றமாக்கியது, முயலும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் உண்டு. சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் செய்ய வேலை இல்லாமல் போயிற்று. கிணற்றுப் பாசனமும் ரசாயன உரமும் பரவப் பரவக் கிடைகளும் குறைந்தன. நாய்கள் அருகி வந்தபோதுதான் அவற்றைக் காக்கும் எண்ணம் பிறந்தது. 1980களின் தொடக்கத்தில் தமிழக அரசின் கால்நடைத் துறை சென்னை சைதாப்பேட்டையில் நாட்டு நாய்களுக்கென ஓர் இனப்பெருக்கப் பிரிவைத் தொடங்கியது. 2005இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாயின அஞ்சல் தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. சு. தியடோர் பாஸ்கரனின் எழுத்துகள் இந்த இனங்களைப் பற்றிய பேச்சைப் பொது வாசகரிடம் கொண்டுசென்றன. தேசிய விலங்கின மரபுவள அமைப்பு முதன்முதலாகப் பதிவுசெய்த நாயினங்கள் மூன்று. அவற்றில் ராஜபாளையம், சிப்பிப்பாறை இரண்டும் தமிழ்நாட்டவை, மூன்றாவது முதோல். 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் இந்த இனங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதும் குட்டிகளைத் தேடி வருகிறவர்கள் கூடினார்கள்.

வாங்கிச் சென்றவர்கள் வேட்டைக்காரர்கள் அல்ல. மதில் சுவரும் இரும்புக் கதவும் உள்ள வீடுகளில் அந்த நாய்கள் காவல் நாய்கள் ஆயின. ஓடுவதற்காக உருவான உடல், பத்தடிச் சங்கிலியில். காலுக்காகத் தேர்ந்தெடுத்த நாயிடம் குரல் எதிர்பார்க்கப்பட்டது. முதலில் அது குலைக்கவில்லை என்ற குறை, பின்பு ஓயாமல் குலைக்கிறது என்ற குறை. இரண்டாவதுக்குக் காரணம் வெளிப்படை: வேலையற்ற நாய், கதவிடுக்கில் தெரியும் கால்களைத் தவிர வேறெதுவும் பார்க்கக் கிடைக்காத நாய், குரைப்பதையே வேலையாக்கிக்கொள்கிறது. தபால்காரர் வருகிறார், நாய் குரைக்கிறது, அவர் போய்விடுகிறார். அவர் தன் வேலை முடிந்து போனார் என்பது நாய்க்குத் தெரியாது. தான் விரட்டியதாகவே எடுத்துக்கொள்ளும், மறுநாள் இன்னும் உரக்கக் குரைக்கும்.

ராஜபாளையம் நாயில் இதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. பால் வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும்தான் அழகு என்று சந்தை முடிவு செய்தது. நிறமிக் குறைவோடு பிறவிச் செவிட்டுத்தன்மையும் சேர்ந்து வருவது பல நாயினங்களில் அறியப்பட்ட ஒன்று, ராஜபாளையமும் அதற்கு விலக்கல்ல. நெருங்கிய உறவுக்குள் இணைசேர்ப்பது அதை மேலும் கூட்டுகிறது. காது கேளாத நாய்க்குத் தன் குரலின் அளவு தெரியாது. ‘சும்மா இரு’ என்ற அதட்டலும் அதை எட்டாது. சொன்ன பேச்சுக் கேட்காத நாய் என்று அடி வாங்கும் வெள்ளை நாய்களில் சில, கேட்கவே முடியாதவை. குட்டி வாங்குமுன் அதன் பின்னால் நின்று கையைத் தட்டிப் பார்ப்பது எளிய சோதனை. தூங்கும்போது செய்தால் இன்னும் நல்லது. கூடப் பிறந்த குட்டிகளிலிருந்து பிரித்துவைத்துப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் மற்றவை திரும்புவதைக் கண்டு செவிட்டுக் குட்டியும் திரும்பிவிடும்.

குரைப்பை அடக்கும் பயிற்சி முறைகள் இங்கே வந்த வழி நீண்டது. நாய்ப் பயிற்சியை எழுதப்பட்ட முறையாக்கிய தொடக்க நூல்களில் ஒன்று ஜெர்மன் அதிகாரி கொன்ராட் மோஸ்ட் 1910இல் எழுதியது. போலீஸ் நாய்களுக்கும் ராணுவ நாய்களுக்குமான முறை அது. கழுத்துப் பட்டையைச் சுண்டி இழுத்தல், அதட்டல், அடங்கினால் தட்டிக்கொடுத்தல் என்ற வரிசை அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவியது. இந்திய நகரங்களில் வீடு தேடி வந்து பழக்கும் பயிற்சியாளர்களிடமும் அந்த வரிசையின் சாயல் நெடுங்காலம் தெரிந்தது. மாற்று வழி உளவியல் ஆய்வகத்திலிருந்து வந்தது. பி. எஃப். ஸ்கின்னர் 1930களில் வகுத்த கோட்பாட்டின்படி, பலன் கிடைக்கும் நடத்தை பெருகும், பலன் நின்றால் மெல்ல மறையும். அவருடைய மாணவர்களான கெல்லர், மரியன் பிரெலண்ட் தம்பதியர் 1940களில் அதை விலங்குப் பயிற்சித் தொழிலாக்கினார்கள். டால்பின் பயிற்சியிலிருந்து வந்த கரேன் பிரையரின் 1984ஆம் ஆண்டு நூல் அதை வீட்டு நாய் வளர்ப்போரிடம் சேர்த்தது.

இந்த முறையில் முதல் வேலை நாயைப் பழக்குவது அல்ல, குரைப்பின் காரணத்தைக் கண்டுபிடிப்பது. கிடைக்காரர் இரவில் செய்ததும் இதைத்தான். வாசலில் நடமாட்டத்தைப் பார்த்துக் குரைக்கும் நாய்க்குக் கதவின் கீழ்ப்பாதியைத் தகரத்தாலோ தட்டியாலோ மறைப்பதே பாதிச் சிகிச்சை. சங்கிலியில் கிடந்து சலித்துக் குரைப்பதற்கு மருந்து காலையும் மாலையும் நடை, அதுவும் சிப்பிப்பாறை போன்ற நாய்க்கு வேலியிட்ட இடத்தில் ஓட்டம். தனிமையில் ஊளையிடுவதற்கு, முதலில் சில நொடி, பிறகு சில நிமிடம் என்று ஆள் இல்லாமல் இருக்கப் பழக்க வேண்டும். சாப்பாட்டுக்காகவும் கவனத்துக்காகவும் குரைத்தால், குரைப்பு நிற்கும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது. பட்டாசுக்கும் இடிக்கும் மிரண்டு குரைப்பது வேறு வகை. அதைத் தண்டித்தால் அச்சம்தான் கூடும். சிவகாசி பக்கத்தில் இருக்கும் வட்டாரத்தில் இந்த வகைக்குப் பஞ்சமில்லை.

அமைதியாக இருக்கச் சொல்லித் தருவது அடுத்த படி. நாய் இரண்டு மூன்று முறை குரைக்கட்டும், அது அதன் காவல் கடமை. பிறகு தாழ்ந்த, ஒரே மாதிரியான குரலில் ‘போதும்’ என்று ஒரு சொல். வாய் மூடிய நொடியில், தாமதிக்காமல், ஒரு துண்டு தீனி. இரண்டு நொடி அமைதிக்குக் கொடுத்ததை ஐந்துக்கு, பத்துக்கு, அரை நிமிடத்துக்கு என்று நீட்டிக்கொண்டு போக வேண்டும். வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லைப் பயன்படுத்துவது அவசியம். தாத்தா ‘சீ’ என்றும் பேரன் ‘ஷட்டப்’ என்றும் சொன்னால் நாய் இரண்டையும் கற்றுக்கொள்ளாது. உள்ளிருந்து உரக்கக் கத்துவது பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு. வீட்டுக்காரரும் சேர்ந்து குரைக்கிறார் என்றே நாய் புரிந்துகொள்கிறது. இன்னொரு செய்தி பலருக்குத் தெரிவதில்லை: கவனிக்காமல் விடத் தொடங்கியதும் குரைப்பு குறைவதற்கு முன்னால் சில நாள் கூடும். அந்தக் கட்டத்தில் பொறுமை இழந்து ஒரு முறை எழுந்துபோய்ப் பிஸ்கட் போட்டால், நெடுநேரம் குரைத்தால் கிடைக்கும் என்ற பாடம்தான் பதியும். காது கேளாத நாய்க்குச் சொல்லுக்குப் பதில் கைச்சைகையும், இருட்டில் டார்ச் ஒளியை ஒரு முறை காட்டி அணைப்பதும் போதும்.

குரைத்தால் மின்னதிர்வு தரும் கழுத்துப் பட்டைகள் இணைய விற்பனையில் எளிதாகக் கிடைக்கின்றன. பிரிட்டனின் வேல்ஸ் பகுதி 2010இல் மின்னதிர்வுப் பட்டைகளைத் தடை செய்தது. வலியை எதிரே வந்தவரோடு நாய் முடிச்சுப் போட்டுக்கொண்டால் குரைப்பு போய்க் கடி வரும் என்பது அவற்றின் மீதான முக்கியக் குற்றச்சாட்டு. குரைத்து எச்சரிக்க முடியாத நாய்தான் முன்னறிவிப்பின்றிக் கடிக்கும்.

இந்தியச் சட்டம் நாயின் குரைப்பை நேராகப் பெயர் சொல்லித் தடுப்பதில்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரை 45 டெசிபல் என்று வரம்பு வைக்கின்றன. பெரிய நாய் அருகில் நின்று குரைத்தால் 90 டெசிபலை எளிதில் தொடும். ஆயினும் இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் குடியிருப்போர் சங்கங்களுக்கு அனுப்பிய வழிகாட்டுதல், குரைப்பைக் காரணம் காட்டி வளர்ப்பு நாய்க்குத் தடை போட முடியாது என்றது. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமோ பிரச்சினையின் மறுமுனையைப் பிடித்திருக்கிறது. வழக்கமாகக் கட்டிப்போடும் நாய்க்குப் போதிய நடமாட்டம் தராமல் விடுவது அதன் 11ஆம் பிரிவின்படி குற்றம். விசைத்தறிகள் ஓடும் சங்கரன்கோவில் தெருக்களில் பகல் குரைப்பு அவ்வளவாகக் காதில் விழாது. தறி நின்ற இரவில்தான் அக்கம்பக்கத்துச் சண்டை தொடங்குகிறது, அதிலும் பெரும்பாலானவை காவல் நிலையம் வரை போகாமல் திண்ணையிலேயே முடிகின்றன.